சிரிக்க வைத்தவர் சென்ற ரமளான்

ஹிஜ்ரி 1442-ஆம் ஆண்டு ரமளானின் நான்காம் நோன்பு. 2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை. ஸஹர் உணவை முடித்து நாம் பாங்கோசைக்குக் காத்திருந்த வேளையில்தான் சென்னையில் நடிகர் விவேக் அவர்களின் உயிர் பிரிந்திருக்கிறது. அதிகாலை 4.35 மணி என்று பின்னர்ப் படித்தோம். சுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது, காலை ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளர்கள் வண்டிகளை ஓரமாக நிறுத்திவிட்டுக் கைபேசிகளைப் பார்த்தவண்ணம் நின்றனர். நம் நெஞ்சு துணுக்குற்றது. முந்திய ஆண்டில் இரு முறை அனல்மின் நிலையக் கொதிகலன் வெடித்துப் பலர் மாண்ட ஊர் நெய்வேலி. காலையில் மனிதர் கூடி நின்றால் இங்கே முதலில் தோன்றும் எண்ணம் அதுதான்.

"விவேக் போயிட்டாருங்க" என்றார் ஒருவர்.

அன்று முற்பகலுக்குள் ஆட்டோ நிறுத்தத்தில் அவர் படத்திற்கு மாலை விழுந்தது. தேநீர்க் கடைச் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டப்பட்டது. ஓராண்டுக்கு முன், 2020 பிப்ரவரியில், நடிகர் விஜய் இவ்வூர்ச் சுரங்கத்தில் படப்பிடிப்புக்கு வந்திருந்தபோது திரண்ட கூட்டத்தையும், வாகனத்தின்மேல் ஏறி அக்கூட்டத்தோடு அவர் எடுத்துக்கொண்ட படத்தையும் நாடே பார்த்தது. அது ஆரவாரம். இந்தத் துயரம் வேறு வகை. உரத்த குரலில் எவரும் பேசவில்லை. வீட்டிலொருவர் போனதைப் போன்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். நாயகரைக் கண்டு மக்கள் வியக்கின்றனர். நகைச்சுவை நடிகரையோ தம் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்துக்கொள்கின்றனர் போலும்.

சின்னக் கலைவாணர் என்பது அவருக்கு மக்கள் வழங்கிய பெயர். மூத்தவரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1957 ஆகஸ்டில் மறைந்தார். அதே ஆண்டு மே மாதத்தில்தான் பண்டித நேரு வந்து இவ்வூரின் முதற் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சிரிப்போடு சிந்தனையும் தருவதில் கலைவாணரின் வழியில் வந்தவர் விவேக். 1987-இல் பாலசந்தரின் படத்தில் அறிமுகமாகி, 2009-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

அஸருக்குப் பின் ஓத வந்த பிள்ளைகள் முற்றத்தில் இடைவெளி விட்டு அமர்ந்திருந்தனர். கொரோனாவின் இரண்டாம் அலை எழுந்துகொண்டிருந்த காலம். பாடத்தில் எவர் மனமும் இல்லை. அவர்களுள் சிறியவன் கேட்டான்: "ஹஜ்ரத், அவருக்காக நாம அழலாமா? நோன்பு முறியாதா?"

கண்ணீரால் நோன்பு முறியாது என்று மட்டும் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அழலாமா என்பதுதான் அவன் உண்மையில் கேட்டது. முப்பது ஆண்டுகளாகச் சினிமா வேண்டாம் என்று போதித்து வந்த நம் வாயிலிருந்து என்ன விடை வரும் என்று எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்தனர்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2002-இல் வந்த 'ரன்' படத்தில், சாலையோரக் கடையில் காக்கை பிரியாணி உண்டுவிட்டு விவேக் காக்கையைப் போலவே கரையும் காட்சியை அறியாதவர் தமிழகத்தில் இல்லை. அப்படம் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்த நாட்களில் ஒரு மாணவன் ஓதும் நேரத்தில் அவ்வாறே கரைந்து காட்டினான். பிரியாணிக் கடை வைத்துப் பிழைக்கும் நம்மவரைப் பிறர் கேலி செய்ய இது ஏதுவாயிற்றே என்று சினந்து அவனை வெளியே நிறுத்தினோம். அன்றிரவு அடுத்த வீட்டில் அக்காட்சி ஓடியபோது, நம் வீட்டுச் சன்னல் வழியே பார்த்து, தலைப்பாகைத் துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை அவனிடம் நாம் சொன்னதேயில்லை.

சிரிப்பு மார்க்கத்திற்கு அந்நியமா? பெருமானார் (ஸல்) அவர்கள் நகைத்ததும் பிறரை நகைக்க வைத்ததும் ஹதீஸ் நூல்களில் நிறைந்துள்ளன. நுஐமான் (ரலி) என்ற தோழரின் குறும்புகளைக் கேட்டு மதீனா சிரித்தது. அரபி உரைநடையின் பேராசான் ஜாஹிழ் கருமிகளைப் பற்றி ஒரு முழு நூலே எழுதி, சிரிப்புக்காக அதில் வாதாடவும் செய்தார். இவற்றையெல்லாம் இலக்கணப் பாடத்திற்காகப் படித்தோமேயன்றி மனத்திற்காகப் படித்தோமில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு ஜனாஸாவின் செய்தியைச் சொன்னோம். ஒரு பிரேதம் கடந்து சென்றபோது பெருமானார் (ஸல்) எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது என்று தோழர்கள் கூறினர். அதுவும் ஓர் ஆன்மா அன்றோ என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். "அவருக்காக நாம் என்னென்ன துஆச் செய்யலாம் என்பதற்கு மார்க்கத்தில் வரம்பு உண்டு வாப்பா. அவர் வீட்டாரின் துயரத்தில் பங்குகொள்ள யாதொரு தடையும் இல்லை" என்றோம். டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் கேட்டுக்கொண்டதற்காக ஒரு கோடி மரம் நடப் புறப்பட்டு, 33 இலட்சத்துக்கும் மேல் நட்டு முடித்தவர் விவேக் என்பதையும், கலாம் மறைந்த 2015-ஆம் ஆண்டிலேயே தம் இளம் மகனையும் பறிகொடுத்தவர் என்பதையும் கூறினோம். அதற்குப் பின்னும் அவர் சிரிக்க வைக்க வந்தாரா என்று கேட்டான் சிறுவன். வந்தார் என்றோம்.

இவ்வளவும் சரியாகச் சொன்ன நாம் தவறியது அதற்கடுத்த திங்களன்று.

விவேக் ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனாத் தடுப்பூசி செலுத்திக்கொண்டு, மக்களையும் செலுத்திக்கொள்ளுமாறு வேண்டினார். மறுநாள் மாரடைப்பு. அதற்கு மறுநாள் மரணம். இதயக் குழாயின் அடைப்பே காரணம், ஊசியன்று என மருத்துவர்கள் உடனே விளக்கினர். ஆயினும் துயரத்திலிருந்த மக்களின் காதில் அது ஏறவில்லை. அன்பு கொண்டவர் திடீரென மறைந்தால் அதற்குப் பெரியதொரு காரணம் வேண்டுமென்று மனம் தேடுகிறது. தேநீர்க் கடையில் தொடங்கிய பேச்சு இஃப்தார்க் கஞ்சி வரிசைக்கும் வந்து சேர்ந்தது.

நம் ஜமாஅத்தில் ஒரு பெரியவர் இருந்தார். சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊசிக்குப் பெயர் கொடுத்திருந்தார். நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், அந்தப் பிள்ளை ஊசி போட்ட மறுநாளே விழுந்துட்டாரே, நான் போகட்டுமா வேண்டாமா?" என்று கேட்டார்.

ஊசியால் நோன்பு முறியாது என்று உலமாக்கள் தெளிவாக அறிவித்திருந்தனர். நாமும் அறிவோம். எனினும், "நோன்பு முடியட்டும் பெரியவரே, பொறுத்துப் பார்ப்போம்" என்றோம். அப்போது ஊசி போட்டுக்கொள்ளும் வயதில்தான் நாமும் இருந்தோம். நம் அச்சத்தை நோன்பின்மேல் போட்டுச் சொன்ன சொல் அது.

பெருமானாரின் மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அம்மரணத்திற்காகவே கதிரவன் இருண்டான் என்று மக்கள் பேசினர். பிள்ளையை இழந்து கண்ணீர் வடித்த அதே நாளில், எவருடைய மரணத்திற்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் மக்களைத் திருத்தினார்கள். இந்த ஹதீஸை எத்தனை ஆண்டுகள் எத்தனை மாணவர்க்கு உரைத்திருக்கிறோம்! அந்தத் திங்களன்று நம் நினைவுக்கு அது வரவில்லை.

பெருநாளுக்கு ஐந்து நாட்களே இருந்தபோது பெரியவர் மூச்சுத் திணறி மௌத்தானார். உடலைப் பையில் சுற்றிக் கொண்டுவந்தனர். கவச உடை அணிந்த இளைஞர் நால்வர் அடக்கம் செய்ய, நாம் தொலைவில் நின்று ஜனாஸாத் தொழுதோம். ஊசி போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். பொறுங்கள் என்று சொன்னது நாம். அவ்வாண்டு அக்டோபரில், விவேக்கின் மரணத்திற்கு ஊசி காரணமன்று என ஒன்றிய அரசின் ஆய்வுக் குழு அறிவித்த செய்தியை முழுவதும் படிக்க இயலாமல் தாளை மடித்து வைத்துவிட்டோம்.

அந்த ஏப்ரலில் தமிழகமெங்கும் விவேக்கின் நினைவாக மரக்கன்றுகள் நடப்பட்டன. ஐந்தாம் நோன்பன்று நம் பழைய மாணவன் ஒருவன், காக்கையைப் போல் கரைந்து தண்டனை பெற்றவன்தான், வளர்ந்து ஆட்டோ ஓட்டுபவனாய் ஒரு புங்கங் கன்றோடு பள்ளிவாசலுக்கு வந்தான். "இங்க நடலாமா ஹஜ்ரத்? கோவிக்க மாட்டீங்களே?" என்றான். மண்ணை அடுக்கடுக்காகப் பெயர்த்தெடுத்து வாழும் ஊரில் கன்று நடுவதற்கு அனுமதி கேட்கிறானே என்று எண்ணிக்கொண்டு, ஒளுச் செய்யும் நீர் வடியும் மூலையைக் காட்டினோம். குழி தோண்ட மண்வெட்டி பிடித்தவர் அந்தப் பெரியவர். ஏப்ரல் 26 அன்று நோய்த் தடுப்புக்காக வழிபாட்டிடங்கள் மூடப்படும் வரை, ஒவ்வொரு தொழுகைக்கும் ஒளுச் செய்து முடித்தபின் ஒரு குவளை நீரை அக்கன்றுக்கு அவர் ஊற்றி வந்தார்.

இப்போது அது நிழல் தருகிறது. சித்திரையில் அதன் பூக்கள் முற்றத்தில் பொரி சிதறினாற்போல் உதிர்ந்து கிடக்கும். ஓத வரும் பிள்ளைகள் அதை விவேக் மரம் என்கின்றனர். அவர்களுள் பலர் அவரைத் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டவர்கள். பெரியவரின் பேரனும் அங்கேதான் ஓதுகிறான். மண்வெட்டி பிடித்தது யார் என்று அவனிடம் சொல்லியிருக்கிறோம். அவர் நம்மிடம் வந்து கேட்டதை இன்னும் சொல்லவில்லை.