படிக்க முடியாத எழுத்து

தமிழர் இல்லங்களின் சுவர்களுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. கூடத்தில் தெய்வப் படங்கள். சற்றுத் தள்ளி, மாலை சூடிய முன்னோர் ஒளிப்படங்கள். கதவோரம், கிழிக்கக் கிழிக்க மெலியும் நாட்காட்டி. இவற்றுள் எதைக் கண்டும் ‘இது என்ன?’ என்று எவரும் வினவுவதில்லை. இன்ன தெய்வம், இன்னார் என்னும் விடை படத்திலேயே இருக்கிறது.

நெல்லும் கரும்பும் விளையும் புதுச்சேரி மாநிலத்துச் சிற்றூர் பண்டசோழநல்லூர். அங்கு ஓர் இல்லத்தில் மட்டும் அவ்வினா ஓயாமல் எழுந்துகொண்டிருக்கிறது. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவரின் வீடு அது. ஓவிய நூலொன்றில் இணைப்பாக வந்த அச்சுப்படியை அவர் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார். மங்கிய மஞ்சள் வெளி. அதில் கட்டங்கள், எண்களைப் போன்ற கோடுகள், எழுத்துகளைப் போன்ற சுழிகள், ஓரத்தில் ஒரு மீன். உற்றுநோக்கினால் படித்துவிடலாம் என்று தோன்றும். நெருங்கிச் சென்றால் ஒரு சொல்லும் தேறாது.

அது கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் தொடரைச் சேர்ந்தது. 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, பின்னர் அப்பள்ளிக்கே முதல்வரானவர். ‘யார் வேண்டுமானாலும் இப்படிக் கிறுக்கலாமே’ என்போர் அவருடைய இளமைக்கால நீர்வண்ண ஓவியங்களைக் காண வேண்டும். கேரளத்துக் கால்வாய்களையும் தென்னந்தோப்புகளையும் உள்ளது உள்ளவாறே தீட்டத் தெரிந்த கை அது. அக்கை 1963ஆம் ஆண்டளவில், தான் தேர்ந்திருந்த வழியை விட்டு விலகியது. மாணவர் ஒருவரின் கணக்கு ஏட்டுப் பக்கம் தற்செயலாக அவர் கண்ணில் பட்டது என்றும், அதிலிருந்த எண்களும் குறிகளும் கோடுகளும் பொருளுக்கு அப்பாற்பட்ட ஓர் அழகாய் அவருக்குத் தோன்றின என்றும் கூறுவர். இயற்கணிதக் குறிகள், சாதகக் கட்டங்கள், மலையாள எழுத்தின் வளைவை ஒத்த சுழிகள் ஆகியன அவர்தம் ஓவியங்களில் குடியேறின. அச்சுழிகள் எம்மொழிக்கும் உரியவை அல்ல. படிக்கத் தெரிந்துவிட்டால் கண் ஓவியத்தை விட்டுச் சொல்லின் பின்னே ஓடிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

உருவத்தைத் துறக்கும் இம்முயற்சி அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. சுவீடனைச் சேர்ந்த ஹில்மா ஆஃப் கிளின்ட் என்னும் பெண்மணி 1906இலேயே அருவ ஓவியங்களைத் தீட்டினார். தம் மறைவுக்குப்பின் இருபது ஆண்டுகள் அவற்றை எவருக்கும் காட்டலாகாது என்றும் எழுதிவைத்தார். உருசியரான வாசிலி காண்டின்ஸ்கி, ஒருநாள் அந்தி மயங்கும் வேளையில் தம் பணிக்கூடத்துள் நுழைந்தபோது, இன்னதென்று விளங்காத பேரழகு வாய்ந்த ஓவியமொன்றைக் கண்டு வியந்து நின்றார். அருகில் சென்றபின்தான் அது பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த தம் ஓவியமே என்பது புலனாயிற்று. மறுநாள் பகலொளியில் அந்த மயக்கத்தை முழுமையாக மீட்க அவரால் இயலவில்லை. பொருள்கள் கண்ணுக்கு இனங்காணத் தெரிந்துவிட்டன. அவருடைய படைப்புகள் 1922ஆம் ஆண்டு திசம்பரில் கல்கத்தாவில் நடந்த பௌஹாஸ் கண்காட்சிவழி இந்தியாவுக்கும் வந்தன.

வில்லியனூரில் சட்டமிடும் கடைக்காரர் இக்கதைகளை அறிந்தவர் அல்லர். ஆயினும் ஆசிரியர் தாளை நீட்டியதும் அவர் கேட்டது சரியான கேள்வி: “சார், இதுல மேல் பக்கம் எது?” நகைப்பதற்கு ஒன்றுமில்லை. 1961இல் நியூயார்க் நவீனக்கலை அருங்காட்சியகத்தில் மத்தீசின் ‘படகு’ 47 நாள்கள் தலைகீழாகத் தொங்கியது. அத்துணை வல்லுநர் சூழ்ந்த இடத்திலேயே எவரும் கேட்கத் தவறிய வினா அது.

வீட்டில் எழுந்த வினாவோ வேறு. ஆசிரியர் முதலில் படத்தைக் கூடத்தில், தம் தந்தையாரின் ஒளிப்படத்துக்கு அருகில் மாட்டினார். எண்பதைக் கடந்த அவருடைய தாயார் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “யாரு சாதகம்டா இது? கட்டம் இருக்கு, கிரகமே இல்லையே. உங்கப்பா பக்கத்துல இத மாட்டலாமா?” அன்று இரவு அவர் உணவு கொள்ளவில்லை. காண்டின்ஸ்கியையும் பணிக்கரையும் துணைக்கழைத்துத் தாயோடு வழக்காடும் அறிவு ஆசிரியருக்கு இருந்தது. அதனைப் பயன்படுத்தாத அறிவும் இருந்தது. மறுநாள் காலையில் ஆணியைப் பிடுங்கி, படத்தைக் கொல்லைப்புறத்துக்குச் செல்லும் நடையில் மாட்டினார். அருங்காட்சியகச் சுவர் காண வருவோருக்கு உரியது. வீட்டுச் சுவரோ அவ்வீட்டில் வாழ்வோர் அனைவருக்கும் உரியது.

இடமாற்றம் ஓவியத்துக்கும் நன்மையே செய்தது. கூடத்துச் சுவரில் மாலை வெயில் நேரே விழும். அத்தகைய ஒளி அச்சு வண்ணங்களைச் சில ஆண்டுகளிலேயே வெளிறச் செய்யும். நடையிலோ ஒளி பக்கத்து முற்றத்திலிருந்து மென்மையாக வரும்; கண்ணாடியில் சன்னலின் எதிரொளிப்பும் விழாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் காக்கும் என்பதால், சட்டத்தின் பின்மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டி, காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டார் ஆசிரியர். படத்தின் நடுப்பகுதி நிற்பவரின் கண்மட்டத்தில் அமைந்தது. தாயாரின் கண்மட்டம் அது என்பதை மகள்தான் பின்னர்க் கண்டுபிடித்தாள்.

வைகறையில் கோலமாவுக் கிண்ணத்துடன் அந்நடை வழியே செல்பவர் அத்தாயார். புள்ளிகளைச் சுற்றி ஓடித் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் சிக்குக்கோலத்தை எழுபது ஆண்டுகளாக இட்டு வருபவர். சிக்குக்கோலம் எதன் உருவம்? மயிலா, தாமரையா? எதுவும் அன்று. ஆயினும் கோடு இடறினால் அக்கணமே அவருக்குத் தெரியும். இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் தெரியும். அருவ ஓவியத்தை நோக்குவதற்கு வேண்டிய கண் அதுவே. அக்கண் நம் வாயில்களில் நாள்தோறும் பழகிக்கொண்டிருக்க, நவீன ஓவியம் நமக்குப் புரியாது என்று நாமே ஒதுங்கி நிற்பது வியப்புக்குரியது.

சில திங்கள் கழித்து ஒரு நாள், அவர் படத்தின்முன் நின்று, கட்டத்தின் கீழ்மூலையிலிருந்து தொடங்கும் கோடொன்றை விரலால் காற்றில் தொடர்ந்தார். “இது இங்க போய் நின்னுருக்கக் கூடாது. இன்னும் ஒரு சுத்து சுத்தணும்” என்றார். பதினொன்றாம் வகுப்பில் கணிதம் பயிலும் பேத்தி மறுத்தாள். “இல்ல ஆயா, அங்க நின்னாத்தான் மீனுக்கு இடம் இருக்கும்.” முன்னர் அப்படத்திலுள்ள குறிகளைச் சமன்பாடாகக் கொண்டு விடை காண முயன்று சலித்தவள் அவள். ஓவியர் அங்கே கோட்டை ஏன் நிறுத்தினார் என்பது பற்றி அன்று இருவருக்கும் அரைமணி நேரம் வழக்கு நடந்தது. அதில் ஒருமுறைகூட ‘இது என்ன?’ என்ற வினா எழவில்லை. ஆசிரியர் குறுக்கிடாமல் முற்றத்தில் அமர்ந்திருந்தார்.

அச்சுப்படிக்கு எல்லை உண்டு. வண்ணப்பூச்சின் தடிமன், தூரிகை இழுபட்ட தடம், மூலத்தின் அளவு ஆகியவற்றை அது தருவதில்லை. 1966இல் பணிக்கர் தம் மாணவரோடும் நண்பரோடும் சேர்ந்து, பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்கள் விற்ற பணத்தில் நிலம் வாங்கி நிறுவிய சோழமண்டலம் கலைஞர் சிற்றூர், புதுச்சேரியிலிருந்து சென்னை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே உள்ளது. திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் ஒரு காட்சிக்கூடமும் இருக்கிறது. இவற்றை ஆசிரியர் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அரிசி புடைத்துக்கொண்டிருந்த தாயார் முறத்தை நிறுத்தினார்.

“அங்க இருக்கறதுல அந்த மீன் எவ்வளவு பெருசுடா இருக்கும்?”