நாலு எட்டில் ஒரு தோட்டம்

லண்டனில் ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுச் சந்துக்குள் காசு கொடுத்து நுழைந்தேன். பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு மாத வேலையாகப் போயிருந்தபோது, என்னைத் தன் வீட்டில் தங்கவைத்திருந்த பழைய மாணவி மஞ்சள் அட்டை போட்ட தடிப்புத்தகம் ஒன்றை நீட்டினாள். "பக்கத்துத் தெருவுல இன்னைக்கு ஒரு தோட்டம் திறக்குறாங்க, பாத்துட்டு வாங்க மேம்." ஆண்டில் ஓரிரு நாள் மட்டும் ஊராருக்குத் திறந்துவிடும் சொந்தத் தோட்டங்களின் பட்டியல் அது.

வழக்கம் 1927இல் தொடங்கியது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. அந்தச் செவிலியர் நிறுவனத்தின் குழுவில் இருந்த எல்சி வாக் என்ற பெண், தோட்டங்களை ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு திறந்துவிடலாமே என்றார். முதல் ஆண்டில் 609 தோட்டங்கள் திறந்தன. 8,191 பவுண்டு சேர்ந்தது. அரசின் இலவச மருத்துவச் சேவை அங்கே வந்ததே 1948இல்தான். அதுவரை ஏழை வீட்டுப் படுக்கையில் கிடப்பவரைத் துடைத்துவிடும் பெண்ணின் கூலிக்கு, பெரிய மனிதர் வீட்டு ரோஜாக்களைக் காட்டிக் காசு கேட்க வேண்டியிருந்திருக்கிறது. எனக்கு இது அவ்வளவு அழகான கதையாகப் படவில்லை. ஆனாலும் அந்தப் பணம் இன்றும் செவிலியர்களுக்கும் இறுதிக்காலப் பராமரிப்புக்கும்தான் போகிறது என்றபோது சந்தோஷமாகத்தான் காசை எடுத்துக் கொடுத்தேன்.

தோட்டம் ஒரு பேருந்தின் அகலம்கூட இருக்காது. ரோஜா, ஜெரேனியம், ஆளுயரத்துக்கு நின்ற ஃபாக்ஸ்க்ளோவ். கடைசியில் ஒரு மேசை, தேநீர், கேக். எழுபதைத் தாண்டிய அந்த வீட்டம்மா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ கேட்டார்கள்: "இதையெல்லாம் யார் அமைத்தது?"

"நான்தான்," என்றார் அவர். களிமண், கொத்தினால் மண்வெட்டி எகிறும், முப்பது வருஷம் இலைமக்கைப் போட்டுப் போட்டுத்தான் இந்தப் பதத்துக்கு வந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அந்த 'நான்தான்' காதிலேயே நின்றுவிட்டது.

அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை. கும்பகோணம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும், குளித்த தண்ணீர் கனகாம்பரத்துக்கு. வேலியில் பிரண்டை. இந்த மஞ்சள் புத்தகத்தில் இடம்பெற, சுற்றிப் பார்க்க 45 நிமிடமாவது பிடிக்கிற தோட்டமாக இருக்க வேண்டுமாம். அம்மாவுடையதை நாலு எட்டில் கடந்துவிடலாம். ஆனால் அது எல்லா நாளும் திறந்துதான் கிடந்தது. கறிவேப்பிலைக்கு ஒருத்தி வருவாள், பிள்ளைக்குச் சளி என்று கற்பூரவல்லிக்கு ஒருத்தி, பரீட்சை முடிந்த அன்று மருதாணிக்கு ஒரு கும்பல். யாராவது நன்றாக இருக்கிறது என்றால், "நான் என்ன பண்ணேன், அதுவா வருது" என்பாள். பட்டா அப்பா பெயரில் இருந்தது.

அவள் போன மறுவருஷம் தம்பி போன் செய்தான். "கார் நிறுத்த இடமில்லக்கா. கொல்லையில சிமெண்ட் போட்டுரலாமா?"

"உன் இஷ்டம்ப்பா" என்றேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அன்று குறிஞ்சிப்பாட்டு. தலைவியும் தானும் பறித்துப் பாறையில் குவித்த 99 பூக்களைத் தோழி ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். கபிலர் எழுதியது என்றாலும் பட்டியல் ஒரு பெண்ணின் வாயில்தான் இருக்கிறது என்று பெருமையாக விளக்கினேன். பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொன்னேன். அம்மாவின் செடிகளை எழுதிவைக்க வேண்டும் என்று அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குத் தோன்றவேயில்லை. அதற்குப் பிறகும் தோன்றவில்லை.

"உனக்குத் தோட்டம் உண்டா?" கேக் தட்டை நகர்த்தியபடி அந்த அம்மா கேட்டார்.

"என் அம்மாவுக்கு இருந்தது."

"என்னவெல்லாம் வைத்திருந்தார்?"

விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். பாதிக்கு ஆங்கிலப் பெயர் தெரியவில்லை, தமிழிலேயே சொன்னேன். பிரண்டையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். பதினேழு வரை வந்தேன். கிணற்றடியில் வெள்ளையாய்ப் பூத்த ஒன்று, எவ்வளவு முயன்றும் பெயர் வரவில்லை. அதற்குள் தேநீருக்கு வரிசை நீண்டுவிட்டது, அவர் எழுந்து போனார்.

சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டேன். அங்கே தூங்கப்போகும் நேரம்.

"டேய், கிணத்தடியில வெள்ளைப் பூ ஒண்ணு நின்னுச்சே, அது என்ன?"

அவன் யோசிக்கக்கூட இல்லை. "நந்தியாவட்டைக்கா. வேரோட பிடுங்க ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு."