சுண்டெலியின் தடம்

கடந்த ஆண்டு ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் எங்கள் வீட்டில் சுண்டெலிகள் குடியேறின. குடந்தையில், அரசலாற்றுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் பழைய ஓட்டு வீடு எங்களுடையது. வெளியே ஈரம் ஏறினால் சிற்றுயிர்கள் உள்ளே ஒதுங்குவது இயல்புதானே என்று முதலில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இரவில் அலமாரிக்குப் பின்னால் ‘கருக், கருக்’ என்று ஓர் ஒலி, காலையில் சமையலறை மேடையில் சீரகம் சிந்தியதுபோல் சில எச்சங்கள், அவ்வளவே. மூன்றாம் வாரத்தில் என் அகராதியின் முதுகு அட்டை தூளாகிக் கிடந்தது. ஆசிரியப் பணியில் சேர்ந்த ஆண்டில் வாங்கிய அகராதி அது. கட்டியவர் தடவிய மைதாப் பசையைத் தேடி, ககர வரிசையிலிருந்து தகர வரிசை வரை ஒரு சுரங்கப் பாதையே அமைத்திருந்தன. அன்றுதான் போர் மூண்டது.

வீட்டில் நாங்கள் மூவர்: நானும், என் துணைவியாரும், 84 வயதான என் தாயாரும். தாயாருக்கு நினைவு தடுமாறத் தொடங்கி நான்கு ஆண்டுகளாகின்றன. உணவு, உறக்கம், செபமாலை இவற்றில் குறையில்லை. காலந்தான் அவருக்குக் கலைந்துபோயிற்று. எந்த ஆண்டில் இருக்கிறோம் என்பது அவருக்கு நாளுக்கு நாள் மாறும்.

எலியை ஒழிக்க வழி கேட்டால், தெரியாது என்று சொல்லும் மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. எதிர்வீட்டு அம்மையார், புதினா எண்ணெயைப் பஞ்சில் நனைத்து மூலைகளில் வைக்கச் சொன்னார். வைத்தோம். இரண்டு நாள் வீடெங்கும் பற்பசை மணம் வீசியது. மூன்றாம் நாள் மணம் போயிற்று, எலி போகவில்லை. நான்காம் நாள் பஞ்சையே காணோம். கூடு கட்டுவதற்கு இழுத்துச் சென்றிருக்க வேண்டும். மெத்தை தந்ததோடு நறுமணமும் சேர்த்துத் தந்தவர்களானோம்.

பால்காரர் வேறொரு வழி சொன்னார். கோதுமை மாவில் சிமெண்ட் கலந்து உருட்டி வைத்தால், தின்ற எலியின் வயிற்றில் அது இறுகிவிடுமாம். எங்கள் உருண்டைகள் மழைக்காற்றில் விடிவதற்குள் தாமே இறுகிக் கோலிக்குண்டுகளாகிவிட்டன. அடுத்த தெருவிலிருந்து இரவல் வாங்கிய பூனை, பால் குடித்துவிட்டு என் சாய்வு நாற்காலியில் பத்து நாள் உறங்கியது. சென்னையிலிருந்து மகன் ஒரு மின்கருவியை அனுப்பினான். மனிதச் செவிக்கு எட்டாத ஒலியெழுப்பி எலிகளை விரட்டுமென்று அதன் பெட்டியில் எழுதியிருந்தது. ஒரு வாரம் கழித்து அந்தக் கருவியின் மேலேயே எச்சம் கிடந்தது. இத்தகைய கருவிகளைச் செய்வோரும் விற்போருமாக 60-க்கும் மேற்பட்டோருக்கு, அறிவியல் சான்றின்றி விளம்பரம் செய்யலாகாதென்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2001-இலேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்ததைப் பிற்பாடு படித்தேன். அந்த ஒலி மரச்சாமான்களைத் தாண்டிச் செல்வதில்லையாம். எலிகளும் சில நாளில் அதற்குப் பழகிவிடுகின்றனவாம். மகனுக்கு இதை நான் எழுதவில்லை.

அந்துருண்டைகளை நானே வாங்கினேன். அலமாரிக்கு அடியிலும் கதவு மூலைகளிலும் போட்டுவைத்தேன். மறுநாள் பிற்பகல், தாயார் கட்டிலில் அமர்ந்து ஓர் உருண்டையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். “மிட்டாய்டா, கீழே கிடந்துச்சு” என்றார். என் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. ஆனால், அவர் அதை வாயில் போடவில்லை. முந்தானை நுனியில் முடிந்துகொள்ளப் போனார். ஏன் முடிய வேண்டும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. உருண்டைகளைப் பொறுக்கித் தெருவில் எறிந்ததோடு சரி.

நஞ்சு என்ற பேச்சுக்கே அத்துடன் முற்றுப்புள்ளி விழுந்தது. எலி நஞ்சுகளில் வார்ஃபரினின் வரலாறு சுவையானது. 1920-களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனப் பயிரைத் தின்ற மாடுகள் குருதி உறையாமல் பெருகி இறந்தன. அதன் காரணத்தைத் தேடிப் புறப்பட்ட, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் லிங்க் என்ற வேதியியலாரின் ஆய்விலிருந்து 1948-இல் எலி மருந்தாக வெளிவந்தது வார்ஃபரின். சில ஆண்டுகளிலேயே மனிதருக்கும் அது மருந்தாயிற்று. இதய நோயாளிகள் பலர் இன்றும் அதை அளவறிந்து உட்கொள்கின்றனர். தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் கழித்துச் சாவதால் மற்ற எலிகளுக்கு ஐயம் எழுவதில்லை. அதற்கு வைட்டமின் ‘கே’ மாற்று மருந்தாகும். முன்பெல்லாம் பெட்டிக்கடைகளிலும் கிடைத்துவந்த மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கோ மாற்று மருந்தே இல்லை. எலிக்கென்று வாங்கிய அந்தப் பொருள் நம் மாநிலத்தில் எத்தனை வீடுகளில் பிள்ளைகளைப் பறித்துக்கொண்டது என்பதை ஆசிரியர்கள் அறிவர். என் பணிக்காலத்தில் இருமுறை அத்தகைய வீட்டுத் திண்ணையில், பெற்றோருக்கு அருகே, சொல்வதற்கு ஒன்றுமின்றி அமர்ந்திருக்கிறேன். எலி மருந்தை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்பது அன்று முதல் எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

பிறகு எலிக்கூண்டு. சுட்ட தேங்காய்ச் சில்லைக் கொக்கியில் குத்தி வைத்தோம். முதல் இரவே விழுந்தது. ஆனால், அது மூஞ்சூறு. மூஞ்சூறு எலி இனத்தைச் சேர்ந்ததன்று; கரப்பான்பூச்சியையும் பிற பூச்சிகளையும் தின்று நமக்கு நன்மையே செய்வது. மன்னிப்புக் கேட்டு விடுவித்தேன். அதன்பின் பல நாள் தேங்காய்தான் காய்ந்ததேயொழிய எலி எதுவும் எட்டிப்பார்க்கவில்லை.

பசை அட்டையைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. விரித்துவைத்த மறுநாள் அதிகாலையில் கீச்சொலி கேட்டு எழுந்து போனோம். கட்டைவிரலளவே இருந்த ஒரு குட்டி, நான்கு கால்களும் ஒரு கன்னமும் ஒட்டிக்கொள்ள, எங்களைப் பார்த்தபடி மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. துணைவியார் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி அரைமணி நேரம் அதைப் பிரித்தெடுத்தார். அவர் கையிலேயே அது இறந்தது. “இனிமே இது இந்த வீட்டுக்கு வேண்டாங்க” என்றார். எஞ்சிய அட்டைகளைத் தீயிலிட்டேன்.

அதன் பின்னர்தான் என் தந்தையாரின் நிலத்துக்கு எலி பிடிக்க வந்துகொண்டிருந்த முதியவரின் நினைவு வந்தது. மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டியைத் தோள் நிறையச் சுமந்து வருவார். வந்தவுடன் கிட்டி வைக்கமாட்டார். எல்லாவற்றையும் மரத்தடியில் இறக்கிவைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக நடப்பார். எங்கே கதிர் அறுபட்டிருக்கிறது, எந்த வழியாக வந்திருக்கிறது, எந்த வழியாகத் திரும்பியிருக்கிறது என்று பார்த்த பிறகே முதல் கிட்டி மண்ணில் இறங்கும். நானோ இரண்டு மாதமாகக் கிட்டி மாற்றிக்கொண்டிருந்தேனே தவிர, ஒருநாளும் தடம் பார்க்கவில்லை.

சுண்டெலி நெடுந்தொலைவு செல்லும் உயிரன்று. உணவுக்கு அருகிலேயே கூடமைத்து, சில மீட்டர் வட்டத்துக்குள் வாழ்நாளைக் கழித்துவிடும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிராம் உணவு அதற்குப் போதும். சூல்கொண்ட மூன்று வாரத்தில் ஐந்தாறு குட்டிகளை ஈனும். அந்தக் குட்டிகள் ஆறேழு வாரத்தில் தாமே குட்டி போடத் தயாராகிவிடும். ஆக, எங்கள் வீட்டில் இடையறாமல் ஓர் உணவுக் கிடங்கு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். அரிசி டிரம்மில் இருந்தது. பருப்பு எவர்சில்வர் பாத்திரங்களில். பிறகு எங்கே?

அன்றிரவு எல்லா அறை வாசல்களிலும் முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டுப் படுத்தேன். காலையில் கைவிளக்கோடு குனிந்து பார்த்தபோது, நுண்ணிய கால் தடங்கள், நடுவே வாலின் கோடு, ஒரு பாட்டையாகவே தெரிந்தன. சமையலறையில் ஓரிரண்டுதான். திரளாகச் சென்றவை யாவும் தாயாரின் அறைக்குள் சென்றன.

அவருடைய கட்டிலுக்குப் பின்னால் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று உண்டு. அதை நகர்த்தினேன். சுவரோரம், கிழிந்த நூல்சேலைத் துண்டால் கட்டிய மூட்டை ஒன்று இருந்தது. மூலையில் ஓட்டை. அவிழ்த்தேன். காய்ந்த இட்டிலிகள், ரொட்டித் துண்டுகள், பாதி பாதியாக பிஸ்கட்டுகள், ஒரு வெல்லக்கட்டி, நமத்துப்போன பொரிகடலை. எல்லாவற்றிலும் சிறு பற்களின் அடையாளம். சாப்பிட்டுவிட்டார், தட்டு காலியாகிவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்த பல வேளைகளின் மிச்சம் அது.

“அதைத் தொடாதே” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தாயார் எழுந்து அமர்ந்திருந்தார். “புள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தா பசின்னு நிப்பான்.”

“எந்தப் பிள்ளை, அம்மா?”

அவர் என் செல்லப் பெயரைச் சொன்னார். தந்தையார் மறைந்த பிறகு என்னை அப்பெயரால் அழைப்பதற்கு அவரைத் தவிர எவருமில்லை.

1952 நவம்பர் 30 அன்று நாகைப் பகுதியில் கரையேறிய புயலின்போது என் தாயாருக்கு 11 வயது. வீட்டு நெல்லெல்லாம் நனைந்து முளைத்துப்போனதையும், பக்கத்து வீட்டார் மண்பானையில் ஒளித்துவைத்திருந்த அவலைப் பங்கிட்டுத் தந்ததையும் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் ஆரம்பப் பள்ளியில் படித்த நாட்களில் எங்கள் வீட்டில் அரிசி அளந்துதான் உலையில் விழும். ஆயினும், மாலையில் பையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தால், எங்கிருந்தோ ஒரு கைப்பிடிப் பொரிகடலையோ ஒரு துண்டு வெல்லமோ வரும். எங்கிருந்து என்று நான் கேட்டதில்லை. பிள்ளைகள் கேட்பதில்லை. இரண்டு மாதமாக நான் எதிர்த்துப் போரிட்ட எலிகள் உண்டு வளர்ந்தது, எனக்கென்று எடுத்துவைத்த பலகாரத்தை.

அவர் உறங்கும்போது மூட்டையை அப்புறப்படுத்தினேன். வேறென்ன செய்வது? எலி தீண்டிய உணவை அறையில் வைத்திருக்கலாமா? மறுநாள் முழுவதும் அவர் பெட்டியின் பின்னாலும் தலையணையின் கீழும் தேடினார், மாலையில் அழுதார், இரவு உணவைத் தொடவில்லை. எலி ஒழிப்பில் என் முதல் வெற்றி அவ்வாறு முடிந்தது.

அந்தப் பெட்டிக்கு மேலே சுவரில் புனித மார்ட்டின் தெ போரஸின் படம் மாட்டியிருக்கிறது. கையில் துடைப்பம், காலடியில் ஒரே தட்டில் உண்ணும் நாயும் பூனையும் எலியும். லீமா நகரின் தொமினிக்கன் மடத்தில் பணியாளராக வாழ்ந்து 1639-இல் மறைந்தவர் அவர். 1962-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். மடத்துத் துணிகளை எலிகள் கடித்துப் பாழாக்கியபோது மற்றவர்கள் நஞ்சு வைக்க முனைந்தார்களாம். மார்ட்டினோ ஓர் எலியைப் பிடித்து, உன் கூட்டத்தோடு தோட்டத்துக்குப் போய்விடு, அங்கே நாள்தோறும் நான் உணவு தருகிறேன் என்று உடன்பாடு செய்துகொண்டாராம். சிறுவயதில் அந்தக் கதையில் எலிகள் வரிசையாக வெளியேறும் காட்சிதான் எனக்குப் பிடிக்கும். அன்று அந்தப் படத்தின் கீழே தரையில் அமர்ந்திருந்தபோது, வெளியேறச் சொன்னவர் உணவை நிறுத்துவதாகச் சொல்லவில்லை, இடத்தைத்தான் மாற்றினார் என்பது கண்ணில் பட்டது.

துணைவியாரிடம் சொன்னேன். அவர் உள்ளே போய்த் தம் சீர்வரிசைப் பாத்திரங்களிலிருந்து ஒரு பித்தளைச் சம்படத்தை எடுத்துவந்தார். மூடி இறுகிப்போயிருந்தது, தாயாரின் வாதம் கண்ட விரல்களுக்குத் திறக்கவில்லை. திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா கொடுத்தோம்; இரண்டே இரவில் அதன் விளிம்பை எலி அரித்திருந்தது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் பிளாஸ்டிக் அவற்றுக்கு ஒரு பொருட்டன்று. கடைசியில் நடுத்தர அளவில் ஓர் எவர்சில்வர் சம்படம் பொருந்தி வந்தது. அவரால் திறக்க முடிந்தது, எலியால் முடியவில்லை. “உங்கள் பிள்ளைக்கு இதில் வையுங்கள், அத்தை, எறும்பு வராது” என்று துணைவியார் கொடுத்தபோது, தாயார் அதைக் கையால் எடைபோட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார். இரவில் அவர் உறங்கியதும் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக இரண்டு முறுக்கும் ஒரு வெல்லத்துண்டும் வைத்துவிடுகிறோம். எண்ணிக்கை குறையக் கூடாது, குறைந்தால் கண்டுபிடித்துவிடுகிறார்.

மற்ற வேலைகளை ஒரே வாரத்தில் முடித்தேன். பென்சில் நுழையும் துளை போதும், சுண்டெலி உடலைச் சுருக்கி நுழைந்துவிடும். ஆகவே, குழாய் நுழையும் இடங்களிலும் நிலைக்கதவின் அடியிலும் பாத்திரம் துலக்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினேன். வீட்டில் வேறு உணவு இல்லாது போகவே, பல நாள் தீண்டப்படாதிருந்த தேங்காய்ச் சில்லுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. பத்து நாளில் ஐந்து எலிகள் கூண்டில் விழுந்தன. சைக்கிளில் வைத்து ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவந்தேன். அங்கே அவை பிழைத்தனவா, ஆந்தைக்கு இரையாயினவா, யாரறிவார்? தை பிறந்தபோது பவுடரில் தடமில்லை.

நாள்தோறும் மாலை 4.15 மணிக்கு நான் பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போய், முன்வாசலில் செருப்பை ஓசைப்படக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறேன். “அம்மா, பசிக்குது” என்கிறேன். சில நாள் அவர் முகம் விரிய, சம்படத்தைத் திறந்து முறுக்கை என் கையில் வைத்து, வெல்லத்தைப் பல்லால் கடித்துப் பாதி தருகிறார். சில நாள் ஏற இறங்கப் பார்க்கிறார். நேற்று அப்படித்தான். என் நரைத்த தலையைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, சம்படத்தை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

“இது எம் புள்ளைக்கு வச்சிருக்கேங்க ஐயா. நீங்க அடுப்படியில கேட்டு வாங்கிக்குங்க.”

அடுப்படிக்குப் போனேன். துணைவியார் ஏற்கெனவே ஒரு தட்டை எடுத்துவைத்திருந்தார்.