எதைத் தேடினாய்?

மார்பு எக்ஸ்ரேயை வியூ பாக்ஸில் மாட்டிவிட்டு எங்கள் பேராசிரியர் ஒதுங்கி நிற்பார். "வலது கீழ்ப் பகுதியில நிமோனியா சார்" என்போம். "சரி. நீ எதைத் தேடிட்டு இருந்தே?" என்று கேட்பார். தெரிந்ததைச் சொல்லிவிட்ட பிறகு இது எதற்கு என்று அந்த முதுநிலை மாணவப் பருவத்தில் தோன்றும். பல வருஷம் கழித்து ஒரு பெரியவரின் படத்தில்தான் அதற்கு விடை கிடைத்தது.

இருமலோடும் காய்ச்சலோடும் வந்தவர். எக்ஸ்ரே கேட்டு வந்த சீட்டில் 'நிமோனியாவா?' என்று எழுதியிருந்தார்கள். நிமோனியாதான். வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ரிப்போர்ட் எழுதி அனுப்பினேன். சில மாதங்களுக்குப் பின் மறுபடி படம் எடுத்தபோது இடது நுரையீரலின் உச்சியில் ஒரு முடிச்சு தெரிந்தது. பழைய படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். காறை எலும்பும் முதல் விலா எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில், சற்றுச் சிறியதாக, அது அப்போதே இருந்தது. என் கண் போகாத இடமில்லை அது. ஆனாலும் நான் பார்க்கவில்லை. துறைத் தலைவரிடம் சொன்னேன். பெரியவரிடமும் அவர் மகனிடமும் சொன்னேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பிடித்தால், அந்த விரலின் அகலத்தைப் போல இரண்டு மடங்குகூட இராது, நம் கண் மிகத் துல்லியமாகக் காணும் பரப்பு. மற்றதெல்லாம் மங்கல்தான். அதனால் கண் நொடிக்கு மூன்று முறை போலத் தாவிக்கொண்டே இருக்கிறது. அடுத்து எங்கே தாவுவது, தாவிய இடத்தில் எதைப் பொருட்படுத்துவது என்பதை முடிவு செய்வதில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. 1870களிலேயே இங்கிலாந்தில் டேவிட் ஃபெரியர் குரங்கு மூளையின் முன்பகுதியில் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டி, அதன் கண்கள் எதிர்ப்பக்கம் திரும்புவதைக் கண்டார். 2003இல் டிரின் மூரும் கேத்ரின் ஆம்ஸ்ட்ராங்கும் அந்தப் பகுதிக்கு, கண்ணை அசைக்கப் போதாத அளவு மெல்லிய மின்சாரம் கொடுத்தார்கள். கண் அசையவில்லை. ஆனால் பின்னால் வெகுதூரத்தில், காட்சியை அலசும் நரம்பணுக்கள், மின்சாரம் கூடியிருந்தால் கண் எங்கே தாவியிருக்குமோ அதே இடத்தில் காட்டப்பட்ட உருவத்துக்கு முன்னைவிட வலுவாகத் துடித்தன. மூளையின் முன்பகுதி சொல்லி அனுப்பினால் பின்பகுதி அந்த இடத்தைக் கூர்ந்து பார்க்கிறது.

2007இல் வந்த இன்னொரு ஆய்வு என் தொழிலையே விளக்குவதுபோல் இருந்தது. டிமதி புஷ்மனும் ஏர்ல் மில்லரும் குரங்குகளை இரண்டு விதமாகத் தேட வைத்தார்கள். தேடும் பொருள் மற்றவற்றிலிருந்து தானாகத் துருத்திக்கொண்டு தெரிந்தபோது, உச்சந்தலையை ஒட்டிய பரைட்டல் பகுதி முதலில் விழித்தது. மனத்தில் வைத்திருந்த உருவத்தோடு ஒப்பிட்டுத் தேட வேண்டியிருந்தபோது மூளையின் முன்பகுதி முந்திக்கொண்டது. பெரியவரின் நிமோனியா முதல் வகை. அது தானே என்னைக் கூப்பிட்டது. எலும்புக்குப் பின்னால் இருந்த முடிச்சு கூப்பிடாது. அதை நான்தான் கேள்வியாக ஏந்திக்கொண்டு போயிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் டிராஃப்டன் ட்ரூ குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் சி.டி. படங்களில் சிறு முடிச்சுகளைத் தேடும்படி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் சொன்னார்கள். கடைசிப் படத்தில் ஒரு கொரில்லா உருவம், வழக்கமான முடிச்சைப்போல 48 மடங்கு பெரிது. 20 பேர் அதைக் காணவில்லை. அவர்களில் 12 பேரின் பார்வை நேராக அதன்மேலேயே பதிந்திருந்ததைக் கண்ணசைவுக் கருவி காட்டியது. கண் போன இடத்தில் கேள்வி இல்லாவிட்டால் காட்சியும் இல்லை.

இப்போது நான் படம் பார்க்கும் முறை மாறிவிட்டது. சீட்டை மூடி வைத்துவிட்டு முதலில் படத்தை முழுசாகப் பார்க்கிறேன். பிறகு சீட்டைப் படித்து அதன் கேள்விக்கு விடை தேடுகிறேன். கிடைத்ததும் மனம் ஓய்ந்துவிடும். ஒன்று அகப்பட்ட நிறைவில் இரண்டாவதைத் தவறவிடுவது எங்கள் துறையின் பழைய நோய். அதனால் அங்கே நிறுத்தாமல் வரிசையாகப் போகிறேன். ஒவ்வொரு இடத்துக்கும் அதற்கென்று ஒரு கேள்வி. உச்சிகள் இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவா? இதயத்துக்குப் பின்னால் இடது கீழ்மடல் சுருங்கியிருக்கிறதா? உதரவிதானத்துக்கு அடியில் காற்று நிற்கிறதா? விலா எலும்புகளில் ஒன்றாவது அரிக்கப்பட்டிருக்கிறதா? படத்தின் ஓரத்தில் தோள்மூட்டு சரியாக இருக்கிறதா? 'எல்லாவற்றையும் பார்' என்றால் மூளைக்கு எதுவும் விளங்காது. 'இங்கே இதைப் பார்' என்றால் விளங்கும்.

கேள்வியை ஏந்தியிருப்பது எளிதான வேலையில்லை. இரவு டியூட்டியில் நடுவே போன் வந்தால் அது கைநழுவிவிடும். விட்ட இடம் நினைவிருப்பதுபோல் தோன்றும், அதை நம்புவதில்லை. போனை வைத்ததும் அந்தப் படத்தை முதலிலிருந்து தொடங்குகிறேன்.

ஒவ்வொரு மார்புப் படத்தையும் திறக்கும்போது இன்றும் என் கண் இடது உச்சிக்கே ஓடப் பார்க்கிறது. அந்தப் பெரியவர் அங்கே நிற்கிறார். அந்த இழுப்புக்கும் நான் இடம் கொடுப்பதில்லை. கொடுத்தால் அங்கே ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் வேறொருவரின் முடிச்சை வேறோர் இடத்தில் விட்டுவிடுவேன். வரிசையில் அதன் முறை வரும்வரை காத்திருந்து, வந்ததும் நின்று, காறை எலும்புக்குப் பின்னால் பார்க்கிறேன்.