வெள்ளிக்கிழமைக்கு ஒரு ஆள் குறையுது

அன்னதானத்துக்கு ஆள் கேட்டு எழுதுற நாங்க, இன்னிக்கு எங்க வயித்தைப் பத்தி எழுதுறோம்.

கோயில் சமையல்கட்டுல நிக்கிற எங்க அஞ்சு பேர்ல மூணு பேருக்குப் பல வருஷமா பெருங்குடல் வலி. அடிவயிறு முறுக்கும், உப்பும், பாதி வேலையில கழிவறைக்கு ஓடணும். ஆளுக்கொரு கைமருந்து பார்த்தோம். ஓமத் தண்ணி இதமா இருந்துச்சு. இசப்கோல் கொஞ்சமா ஆரம்பிச்சு, நிறைய தண்ணியோட குடிச்சதுல மலம் சீராச்சு. கற்றாழைச் சாறு குடிச்சவங்க ராத்திரி முழுக்கத் தூங்கல, கேக்காதீங்க!

ஆனா கோயில்ல சாப்பிடுற நாள்ல மட்டும் வலி கம்மியா இருந்தது. காரணம் வெங்காயமும் பூண்டும் இல்லாத சாப்பாடு. அதுல இருக்கிற ஃபிரக்டான் சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடலுக்குப் போய், அங்கே புளிச்சு வாயுவாகுது. வீட்டுலயும் விட்டோம். பெருங்காயம் போட்டா ருசி குறையல. நாசி லெமாக் சம்பலை விடத்தான் மனசு வரல.

எங்க அக்கா ஒருத்தங்களுக்கு ரத்தம் போச்சு. மூலம்னு சொன்னாங்க, நாங்களும் நம்பி அத்திப்பழம் வாங்கிக் குடுத்தோம். நாலு மாசம் அப்படியே ஓடிடுச்சு. போன வாரம் குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்த்து ஒரு கட்டியை எடுத்திருக்காங்க. முடிவு புதன்கிழமை வருது.

50 வயசு தாண்டினவங்க அரசாங்க கிளினிக்ல மலப் பரிசோதனை கேளுங்க. ரத்தம் கண்ணுல பட்டா அதுக்கும் காத்திருக்காம டாக்டரைப் பாருங்க.

வெள்ளிக்கிழமை காலையில 6 மணிக்குக் காய் நறுக்க யார் வர்றீங்க?