மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை

8.12.2021, புதன்

சூலூரிலிருந்து இங்குள்ள ராணுவ ஸ்டாஃப் காலேஜுக்கு வந்துகொண்டிருந்த முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர், மதியம் காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்துவிட்டது. சாயங்காலம் டியூஷனுக்கு வந்த பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நோட்டைத் திறக்க மனசில்லை. டிவிதான். செத்தவர்கள் ஒரு சேனலில் ஒரு கணக்கு, அடுத்ததில் வேறு கணக்கு. எல்லாவற்றுக்கும் ஆதாரம் ‘சோர்ஸஸ்’.

“யார் மிஸ் அந்த சோர்ஸஸ்?”

பேர் வெளியே வரக் கூடாது என்று சொல்லிப் பேசுகிறவர்கள் என்றேன்.

“கணக்கு தப்பாப் போனா யாரைப் போய்க் கேக்கறது?”

அதற்குத்தான் அப்படி என்றேன். சிரிப்பதா என்று யோசித்தார்கள்.

இரண்டு மணிவாக்கில் விமானப்படை போட்ட ட்வீட்டில் விபத்து நடந்தது, ராவத் உள்ளே இருந்தார், விசாரணைக்கு உத்தரவு என்பது மட்டும்தான். இறப்பைச் சொன்ன அடுத்த ட்வீட் ஆறு மணிக்குத்தான் வந்தது: ராவத், மனைவி மதுலிகா, இன்னும் 11 பேர். இப்போதுதான் ‘அசர்டெய்ன்’ ஆனது, அதாவது உறுதியானது, என்று எழுதியிருந்தார்கள். நாலு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அந்த ஒரு சொல்லே கணக்கு ஒப்பித்துவிட்டது. போர்டில் எழுதிப்போட்டேன்.

9.12.2021, வியாழன்

மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் (எம்.ஆர்.சி.) மைதானத்தில் அஞ்சலி. முதல்வர் வந்திருந்தார். சூலூர் போகும் வழியெல்லாம் ஜனங்கள் பூ தூவினார்களாம்.

ரோட்டோரம் வரிசையாக ஓபி வேன்கள். நேற்று குடமும் கம்பளியுமாக உதவ ஓடிய நஞ்சப்பசத்திரத்துக்காரர்கள் இன்று மைக் மைக்காக ‘பைட்’ கொடுக்கிறார்கள். சத்தம் கேட்டு ஓடி வந்தவரும் ‘ஐ விட்னஸ்’தானா என்று வகுப்பில் ஒரே சண்டை. விழுந்ததைப் பார்க்கவில்லை, எரிந்ததைப் பார்த்தார். எதற்கு சாட்சி என்று சேர்த்துச் சொன்னால் சரிதான்.

10.12.2021, வெள்ளி

வாட்ஸ்அப் முழுக்க சதிக்கதை. ‘அன்இன்ஃபார்ம்டு ஸ்பெகுலேஷன்’ வேண்டாம் என்று விமானப்படையே கேட்டுக்கொண்டிருக்கிறது. நேற்று நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் சொன்ன நேரங்களை வைத்து ‘டைம்லைன்’ எழுதச் சொன்னேன். 11.48 கிளம்பியது. 12.08 வாக்கில் தொடர்பு போனது. 12.15 இங்கே இறங்க வேண்டியது.

15.12.2021, புதன்

ஹெலிகாப்டரில் இருந்தவர்களில் பிழைத்திருந்த ஒரே ஆளான வருண் சிங்கும் பெங்களூரில் போய்விட்டார். இங்கே ஸ்டாஃப் காலேஜில் பயிற்றுநர். ஒரு வாரமாக அவர் பேருக்கு முன்னால் ‘சோல் சர்வைவர்’. இன்று பாடம் எடுக்கவில்லை.

14.1.2022, வெள்ளி, பொங்கல்

முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு வந்திருக்கிறது. சதி இல்லை, இயந்திரக் கோளாறு இல்லை, கவனக்குறைவும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை சட்டென்று மாறி, மேகத்துக்குள் புகுந்து, விமானிக்குத் திசை தடுமாறிவிட்டது. மலையாட்கள் மூடுபனி என்று அன்றைக்கே சொன்னார்கள். அதை ஃபிளாஷ் போட யாருக்கும் தோன்றவில்லை.

‘சபோடேஜா?’ என்று கேள்விக்குறி போட்டு ராத்திரியெல்லாம் விவாதம் நடத்திய சேனலில் இது இரண்டு வரி ஸ்க்ரோல். கேள்விதானே கேட்டோம், ‘ரிட்ராக்‌ஷன்’ எதற்கு என்பார்கள். பண்டிகை முடிந்து பேப்பர் வந்ததும் பார்க்க வேண்டும், முதல் பக்கமா உள்பக்கமா என்று.