லூமுட் பாடாங், 1921

ஆகஸ்ட் 14, ஞாயிறு

கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. பாடாங் மைதானத்தின் கடலோரத்து மூலையில் அந்தச் சவுக்கு வேர். வெட்டச் சொல்லி எத்தனை முறை கேட்டாயிற்று. மஞ்சள் பத்துப் போட்டேன், விண்விண்ணென்று தெறிக்கிறது.

பீச்சாங்கால் என்று எல்லாரும் கூப்பிடும் தோட்டத்துப் பையன் மூன்று கோல். இன்று பக்கத்தில் நின்று பார்த்தேன். பந்து வந்து சேருமுன்பே இடுப்பைத் திருப்பிவிடுகிறான். வலது பாதம் மண்ணில் ஊன்றி நிற்கிறது. இடது கணுக்கால் மட்டும் ஒரு வெட்டு. அவ்வளவுதான். வெறுங்கால். விடிகாலையில் அப்பனோடு ரப்பர்ப் பால் வெட்டிவிட்டு வந்த கால்.

ஆகஸ்ட் 17, புதன்

பினாங்குப் பேப்பர் வந்தது. சனிக்கிழமை கோலாலம்பூரில் முதல் ஆட்டம், சிலாங்கூரும் பினாங்கும். ‘மலாயா’ யுத்தக்கப்பலின் கேப்டன் புல்லர் கொடுத்த கோப்பைக்கு. பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று. வருஷத் தொடக்கத்தில் கப்பல் வந்தபோது நல்ல உபசாரமாம், அதற்கு நன்றியாம். ஆறு அணி. சிங்கப்பூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பேராக், பினாங்கு.

கோப்பிக்கடையில் வாசித்துக் காட்டினேன். பீச்சாங்கால் வாசலில் நின்றபடியே, “இதுல நம்ம லூமுட் எங்கய்யா?” என்றான்.

பினாங்கு என்றேன். சுங்கத்து இன்சேயும் பினாங்குதான் என்றார். வங்காளி கான்ஸ்டபிள் மேசையைத் தட்டிப் பேராக் என்கிறார். கடிதத்தில் ஒட்டுவது ராஜா தலை, அது பினாங்குக் கணக்கு. எல்லை தாண்டினால் பாயும் புலி. 1874இல் பங்கோரில் கையெழுத்துப் போட்டு, லூமுட் சேர்ந்த டிண்டிங்ஸை ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் சடக்கு ஈப்போவுக்குத்தானே போகிறது? மண்ணும் மழையும் பேராக்குடையது. யாருக்காகக் கத்துவது என்று எனக்கே ஒரு நிச்சயம் வேண்டும். ராத்திரி இதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். விரல் வலி வேறு.

ஆகஸ்ட் 20, சனி

மத்தியானத்திலிருந்து தோட்டத்து ஆபீஸ் செக்ரோலில் கண் நிற்கவில்லை. சாயங்காலம் அங்கே ஆடிக்கொண்டிருப்பார்கள். இங்கே சத்தமே இல்லை. கடல் உள்வாங்கிக் கிடக்கிறது, சேற்று நாற்றம்.

பினாங்கு ஜெயிக்கட்டும். முடிவு செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

பேப்பர் வரும் கப்பல் வரவில்லை.

ஆகஸ்ட் 24, புதன்

சிலாங்கூர் 5, பினாங்கு 1.

5,000 பேர் பார்த்தார்களாம். பந்து விளையாட்டைப் பார்க்க 5,000 பேர்! தோல்வியைவிட அதுதான் மனசில் நிற்கிறது. அத்தனை பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தால் எப்படியிருக்கும்?

இன்சே பேசவில்லை. வங்காளிக்குச் சந்தோஷம். அவர் கோப்பிக்கும் நான்தான் காசு கொடுத்தேன், ஏனென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

நாமும் ஒன்று நடத்தினால் என்ன? நான் கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். நாலு அணி. தோட்டம், பசார், போலீசும் சுங்கமும் சேர்ந்து ஒன்று, பங்கோர் மீன்காரர்கள். ஒவ்வொருவரோடும் ஒரு தடவை. ஞாயிறு சாயங்காலம். ஈயம் பூசுகிறவர் பிஸ்கட் டின்னை வெட்டி இரண்டு காது வைத்துக் கோப்பை செய்து தருகிறேன் என்றார். கூலி வேண்டாமாம். தவுக்கே பந்து வாங்க ஒரு வெள்ளி கொடுத்தார்.

வெகு நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 2, வெள்ளி

கித்தா ராத்தல் 30 காசுக்குத் தடுமாறுகிறது. போன வருஷம் தைமாசத்தில் ஒரு வெள்ளிக்கு மேல் போனது இதே பால்தான். கிழக்கு மலைச்சரிவில் வெட்டு நிறுத்தம். பெரிய துரை ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்.

பையன் கேட்டான், “அந்தக் கப்பல் எத்தாம் பெருசுய்யா?” எட்டுப் பீரங்கி, ஒவ்வொன்றுக்கும் 15 அங்குல வாய் என்றேன். கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். யார் வாங்கினது என்றான். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நாலும் சேர்ந்து வெள்ளைக்கார ராஜாவுக்குக் கொடுத்தது என்றேன். முப்பது லட்சம் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. ஈயத்திலும் கித்தாவிலும் வந்த வரி. “அப்ப எங்கப்பா வெட்டுன பாலும் அதுல இருக்கா?” இருக்கிறது என்றேன். கப்பல் கட்டினது அவர்கள் இந்தத் தோட்டத்துக்கு வருமுன்னே. இருந்தாலும் இருக்கிறது என்றுதான் சொன்னேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அவன் அப்பனுக்கு முன்னால் இன்னொருவன் அதே மரத்தை வெட்டினான்.

பகாங் பணம் போட்டது. ஆறில் பகாங் இல்லை.

செப்டம்பர் 4, ஞாயிறு

தோட்டம் 4, பசார் 0. பீச்சாங்கால் இரண்டு. தொண்டை கட்டிவிட்டது. லயத்துப் பெண்கள்கூட வந்து சவுக்கடியில் நின்றார்கள். கங்காணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோடு முழுக்க ஓடினார்.

செப்டம்பர் 7, புதன்

சதுர்த்தி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

லிஸ்ட். ஊருக்கு அனுப்புகிற ஆட்களின் லிஸ்ட். என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்று என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். காய்ச்சல்காரர்கள், புள்ளைகுட்டி அதிகம் உள்ளவர்கள், வெட்டு நிறுத்தின சரிவில் வேலை பார்த்தவர்கள். பேர், வயது, வந்த வருஷம், ஊர். பதினோராவது வரியில் பீச்சாங்காலின் அப்பன். கிழக்குச் சரிவு. ஊர் மன்னார்குடிப் பக்கம். குடும்பம் ஐந்து பேர்.

பேனாவைத் துடைத்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். திரும்பி வந்து பன்னிரண்டாவது வரி எழுதினேன்.

செப்டம்பர் 9, வெள்ளி

பக்கத்துத் தோட்டத்துச் சின்ன துரை கோப்பையைப் பார்க்க வந்தார். ஆஸ்திரேலியாக்காரர். டின் கோப்பையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஊர்ப் பந்து முட்டை மாதிரி நீளமாம். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். கையாலும் குத்தித் தள்ளலாம். ஆளுக்கு ஆள் உயரத் துள்ளிப் பிடிப்பார்களாம், பிடித்தால் தடுக்காமல் உதைக்க விட வேண்டும். கோல் அடித்தால் ஆறு, ஓரக்கம்பிப் பக்கம் போனால் ஒன்று. கிரிக்கெட் மைதானத்தில் ஆடுவது. 1877இலேயே மெல்போர்னிலும் அடிலெய்டிலும் சங்கம் கட்டி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். கோப்பை யார் கொடுத்தது என்றேன். யாரும் கொடுக்கவில்லை, கிளப்காரர்களே கூடிப் பேசி ஆரம்பித்தது என்றார்.

அவர்களும் ராணி ஆட்சியில் குடியேற்றமாகத்தானே இருந்தார்கள். கூடிப் பேசினார்கள், ஆரம்பித்தார்கள். சிங்கப்பூரில்கூட 1892இலிருந்து சங்கம் இருக்கிறது. இங்கே கப்பல் வந்து கொடுக்கும்வரை ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தோடு ஒரே கோப்பைக்கு ஆடவில்லை. பிஸ்கட் டின்னை நினைத்தால் மார்பு நிமிர்கிறது. அதை யாரும் எங்களுக்குக் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 11, ஞாயிறு

மழை. பாடாங்கில் முழங்கால் தண்ணீர். ஆட்டம் இல்லை. பீச்சாங்கால் மட்டும் வந்தான். சவுக்கடியில் நனைந்துகொண்டே பந்தை முட்டியில் தட்டிக்கொண்டிருந்தான். லிஸ்ட் விஷயம் லயம் முழுக்கத் தெரியும். அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பல்வலி ஆரம்பித்துவிட்டது.

செப்டம்பர் 14, புதன்

கேட்டுவிட்டேன். பதினோராவது வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா, ஆள் நன்றாக வெட்டுகிறவன், ஒரு நாள்கூட காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வராமல் இருந்ததில்லை என்று. பெரிய துரை தலையை நிமிர்த்தவே இல்லை. “பந்து விளையாட ஆள் வேண்டுமா?” என்றார்.

ஆமாம், வேண்டும். சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். வேண்டும்.

கிராம்புத் தைலம் வைத்தேன். நாக்கு மரத்துப்போயிருக்கிறது.

செப்டம்பர் 18, ஞாயிறு

தோட்டம் 1, போலீஸ்-சுங்கம் 1. வங்காளி சப்பாத்துக் காலோடு பீச்சாங்காலின் கணுக்காலை மிதித்துவிட்டார். வேண்டுமென்றில்லை. பையன் எழுந்து, நொண்டி, அப்புறம் அந்தக் காலாலேயே அடித்தான். கம்பத்தில் பட்டு உள்ளே போனது. வங்காளியே ஓடிவந்து தூக்கிக்கொண்டார்.

இன்சே சொல்கிறார், இவனைப் பினாங்கில் நாலு பேர் பார்க்க வேண்டும். பேராக்கில் பார்க்க வேண்டும் என்கிறார் வங்காளி. சண்டை. இரண்டு பேரும் சொல்வது சரி. அந்த ஆறு அணியில் வெறுங்காலோடு ஒருவனை, தோட்டத்துப் பையனை, யார் கூப்பிடுவார்கள்? கூப்பிட வேண்டும். ஒரு நாள் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் முதல் வருஷம்தானே.

செப்டம்பர் 22, வியாழன்

அவன் அம்மா ஆட்டை விற்றுவிட்டாள். கோழியும் போயிற்று. தகரப்பெட்டிக்குப் பூட்டு வாங்கித் தரச் சொன்னாள். வாங்கித் தந்தேன்.

“மன்னார்குடியில பாடாங்கு இருக்காய்யா?” அவன் மலாயாவில் பிறந்தவன். அந்த ஊரைப் பார்த்ததில்லை. குளத்தாங்கரை இருக்கும், அறுப்பு முடிந்த வயல் இருக்கும் என்றேன். தண்ணி கட்டுவாங்களா என்றான். தை பிறந்தால் காய்ந்துவிடும் என்றேன். கணக்குப் போடுவதுபோல் தலையாட்டிக்கொண்டான்.

செப்டம்பர் 24, சனி

எரிச்சல். எல்லார் மேலும். சமையல்காரர் மேல்கூட. புரட்டாசிச் சனி, விரதச் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 27, செவ்வாய்

வடக்கில் சிலாங்கூர். தெற்கில் சிங்கப்பூர். கடைசி ஆட்டம் சனிக்கிழமை, கோலாலம்பூர் சிலாங்கூர் கிளப் பாடாங்கில். பினாங்கு இல்லை. பேராக்கும் இல்லை. கோப்பிக்கடையில் இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. யாருக்குக் கத்துவது என்று ஒரு பேச்சு. சிலாங்கூர் பக்கத்து மாநிலம், கப்பலுக்குப் பணமும் போட்டது என்று வங்காளி. நம் செட்டில்மெண்டுக்குத் தலைமை சிங்கப்பூர் என்று இன்சே. பீச்சாங்கால் சிங்கப்பூர் என்றான். ஏன்டா என்றேன். “அவங்கதான் ரொம்பத் தூரத்துலேர்ந்து வர்றாங்க.”

செப்டம்பர் 29, வியாழன்

காலையில் ஜெட்டி. பினாங்குக்குச் சின்னக் கப்பல், அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குப் பெரிய கப்பல். லிஸ்டை வைத்துக்கொண்டு பேர் கூப்பிட்டதும் நான்தான். ஒவ்வொரு பேருக்கும் ஒருவர் “இருக்கேன்” என்றார்கள், பெரட்டில் சொல்வதைப் போலவே. பதினோராவது வரி வந்தபோது குரல் சரியாகத்தான் இருந்தது.

கங்காணி, ஈயக்காரர், இன்சே, வங்காளி எல்லாரும் வந்திருந்தார்கள். பீச்சாங்கால் புதுச்சட்டை. கணுக்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. பலகையில் ஏறும்போது இடது காலை மெதுவாக வைத்தான்.

“யாரு ஜெயிச்சாங்கன்னு எழுதிப்போடுங்கய்யா. ரெண்டையும்.”

எழுதுகிறேன் என்றேன்.

சாயங்காலம் காய்ச்சல் அடிப்பதுபோல் இருந்தது. கொய்னா சாப்பிட்டேன். காய்ச்சல் இல்லை.

அக்டோபர் 1, சனி

அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம். எள்ளும் தண்ணீரும் விடும்போது நினைப்பு கோலாலம்பூரில். அப்பா மன்னிப்பார், அவருக்குச் சடுகுடு என்றால் உயிர்.

சிங்கப்பூர் ஜெயிக்க வேண்டும். இதில் இன்று எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

அக்டோபர் 2, ஞாயிறு

பங்கோர் 2, தோட்டம் 0. டின் கோப்பை படகேறிப் போய்விட்டது. பங்கோர்க்காரர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். மணலில் ஓடிப் பழகிய கால்கள், கடைசிவரை சளைக்கவில்லை. நம் பையன்கள் பழக்கதோஷத்தில் பந்தை இடப்பக்கமே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்றது கங்காணியின் மருமகன். பாவம், எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஒருவரும் அவனைத் திட்டவில்லை.

அடுத்த வருஷம் அணி சேருமா? லயத்தில் பாதிக் கதவு சாத்திக் கிடக்கிறது. சேர்க்க வேண்டும்.

அக்டோபர் 3, திங்கள்

பேப்பர் இல்லை.

அக்டோபர் 4, செவ்வாய்

ஈப்போப் பேப்பரில்தான் முதலில் பார்த்தேன். சிங்கப்பூர் 2, சிலாங்கூர் 1. தபாலாபீஸ் வாசலிலேயே நின்று சத்தமாக வாசித்தேன். கேட்க அங்கே ஒரு சீனக் கிழவரும் நானும்தான். அவரும் சிரித்தார்.

முதல் வருஷக் கோப்பை சிங்கப்பூருக்குப் போயிற்று. சந்தோஷமாயிருந்தது. மத்தியானம் வரை இருந்தது.

அக்டோபர் 5, புதன்

கடிதம் எழுதி முடித்தேன். மன்னார்குடித் தாலுகா, அப்பன் பேர் போட்டு. அவர்கள் கப்பல் நாகப்பட்டினம் சேர்ந்திருக்காது, கடிதம் காத்திருக்கட்டும். ஊரில் யாராவது படிக்கத் தெரிந்தவர் வாசித்துக் காட்டுவார், அதனால் எழுத்தைப் பெரிதாகப் போட்டேன்.

சிங்கப்பூர் 2, சிலாங்கூர் 1, நீ சொன்னதுதான் நடந்தது. பங்கோரிடம் தோற்றோம், 2–0. வேரை வெட்டிவிட்டார்கள். கணுக்காலுக்குப் புளி, உப்புப் பத்துப் போடு, தை மாசம் வரை அந்தக் காலால் அடிக்காதே. வெட்டு மறுபடி ஆரம்பித்தால் உன் அப்பன் பேரை முதலில் எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்பேன்.

ராஜா தலை ஒட்டிப் பெட்டியில் போட்டாயிற்று. நாளைக்குச் செக்ரோல் கணக்கு முடிக்க வேண்டும், ஆள் குறைந்ததால் ஒரே தாளில் அடங்கிவிடும்.